எரிந்த கடையும் விலைபோகாத சிலுவைகளும்

பேராசையை ஒரு தனிமனிதனின் குணக்கேடாகக் காட்டி, இறுதியில் அவனைத் தண்டித்துவிட்டால், பார்ப்போர் நிம்மதியாக வீடு திரும்பலாம். சுவீடன் நெறியாளர் ரோய் அண்டர்சன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இரண்டாம் மாடியிலிருந்து பாடல்கள்’ என்ற திரைப்படம் அந்த நிம்மதியைத் தர மறுக்கிறது. கான் விழாவில் நடுவர் பரிசைப் பகிர்ந்துகொண்ட படம் இது.

காலே என்பவன் தளபாட வியாபாரி. காப்புறுதிப் பணத்துக்காகத் தன் கடைக்குத் தானே தீ வைத்தவன். முகமெல்லாம் கரி படிய, கருகிய தாள்கள் நிறைந்த பையுடன் சுரங்க ரயிலில் நிற்கிறான். நமக்குச் சிரிப்பு வருகிறது. அவனுக்குக் கடன் கொடுத்த நண்பன் தற்கொலை செய்துகொண்டவன் என்றும், அச்சாவினால் கடன் தொலைந்ததென்று காலே உள்ளூர ஆறுதலடைந்தான் என்றும் பின்னர் அறிகிறோம். சிரித்த வாய் தானாகவே மூடிக்கொள்கிறது.

அவன் வாழும் நகரமோ அவனிலும் மேலானதன்று. நீண்ட காலம் உழைத்த ஊழியன் ஒருவன், வேலை பறிபோனதும் அதிகாரியின் காலைக் கட்டிக்கொண்டு தரையில் இழுபடுகிறான். சக ஊழியர்கள் கதவிடுக்குகளால் பார்த்து நிற்கின்றனர். கோட்டணிந்த கனவான்கள் ஒருவரையொருவர் சவுக்கால் அடித்தபடி வீதியில் ஊர்வலம் போகின்றனர். நாட்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பரிகாரமாக, முதலாளிமாரும் மதகுருமாரும் கூடிநின்று ஒரு சிறுமியைப் பாறை விளிம்பிலிருந்து தள்ளுகின்றனர். மூடநம்பிக்கை பின்தங்கிய நாடுகளுக்கே உரியதென்போர் இக்காட்சியை இருமுறை பார்ப்பது நல்லது. சந்தைத் தெய்வம் நரபலி கேட்கிறது, கற்றோர் கொடுக்கின்றனர்.

காலே சிலுவை வியாபாரத்திலும் இறங்குகிறான். புத்தாயிரம் பிறக்கும் வேளையில் இயேசு நன்றாக விலைபோவார் என்பது கணக்கு. கணக்குப் பிழைக்கிறது. சிலுவைகள் குப்பைமேட்டில் வீசப்படுகின்றன.

அண்டர்சனின் கமரா ஏறத்தாழ அசைவதேயில்லை. முகங்களை நெருங்கிச் சென்று எமது கண்ணீரைக் கேட்பதுமில்லை. 1975இல் வெளியான ‘கிலியாப்’ தோல்வியுற்றபின், கால் நூற்றாண்டு இவர் முழுநீளப் படமெடுக்காது விளம்பரப் படங்களால் வாழ்ந்தவர். சந்தையின் மொழியை அவர் இத்துணை நுட்பமாக அறிந்தது அதனாற்றான் போலும்!

எனினும் எமக்கொரு மனக்குறை உண்டு. இப்படத்துக்குத் தூண்டுதலாக நின்றவர் பெரு நாட்டுக் கம்யூனிஸ்ட் கவிஞர் செசார் வயேஹோ. எளியோரை அவர் நேசித்தார். அவர்களது போராட்டத்தையும் நம்பினார். அண்டர்சன் முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டார். சுவீடன் பலம் பொருந்திய தொழிற்சங்கங்களின் நாடு. தரையில் இழுபடும் அந்த ஊழியனுக்காக ஒருவர்கூட அறையைவிட்டு வெளியே வராதது ஏன்? ரயிற் காட்சியில் மட்டும் களைத்த பயணிகள், கரி படிந்த காலேயைச் சுற்றி, ஒரே குரலில் பாடுகின்றனர். ஆனால் பாடல் முடிந்ததும் அவரவர் தத்தம் தரிப்பிடத்தில் இறங்கிப் போய்விடுவர் என்றே எமக்குத் தோன்றுகிறது.