கம்பிச் சுருளின் லட்சணம்

ஒன்பது கிலோஹெர்ட்ஸை ஒட்டிய மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் ரேடியோ அலையின் நீளம் ஏறக்குறைய 33 கிலோமீட்டர். சாஸ்திரப் பிரகாரம் அதற்குக் கால் அலை உயரத்தில் ஏரியல் நிறுத்த வேண்டுமானால் எட்டுக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கம்பம், அதாவது எவரெஸ்ட் சிகரத்துக்குச் சற்றே குறைந்த கம்பம், வேண்டியிருக்கும். இந்த அலையில் சமிக்ஞை அனுப்ப ஆசைப்படும், ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோ அன்பரின் கொல்லையில் இருப்பதோ பத்து மீட்டர் உயரத்தில் இழுத்துக் கட்டிய சில கம்பிகள். இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் பிரம்மாண்டமான பள்ளத்தைத் தூர்க்கும் பொறுப்பை ஏற்று, ஏரியலின் அடியில் நிற்கும் செப்புச் சுருளுக்கு லோடிங் காயில் என்று பெயர். அதை ஓர் உதிரிப் பாகமாக எண்ணிக் கடந்து போகிறவர்கள் உண்டு. எனக்கோ, எங்கே எவ்வளவு வேண்டும் என்று அறிந்து செய்த கைவேலைக்கு உரிய ஔசித்தியம் முழுவதும் அதில் வெளிப்படையாகத் தெரிகிறது.

இவ்வளவு குட்டையான ஏரியல் மின்சாரத்தைப் பொறுத்தமட்டில் ஒரு சிறு கண்டென்சர்தான். மேலே படுக்கைக் கம்பிகள் சில கட்டி விரித்தாலும் அதன் மின்தேக்குத்திறன் 500 பிகோஃபாரட் அளவிலே நின்றுவிடும். 8.97 கிலோஹெர்ட்ஸில் அதனோடு ஒத்ததிர வேண்டுமானால் சுருளுக்கு 0.63 ஹென்றி மின்தூண்டல் தேவை. சாதாரண ரேடியோப் பெட்டிக்குள் இருக்கும் சுருள்கள் இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இருப்பதில்லை. ஒத்ததிர்வு கைகூடிய பிறகு நிகழ்வதை ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளுகிறவர் அறிவார். சிறு சிறு உந்துதல்கள் சேர்ந்து பெரிய வீச்சாகின்றன. அரை ஆம்பியர் மின்னோட்டம் ஓடினாலே சுருளின் உச்சியில் ஏறக்குறைய 18,000 வோல்ட் எழுந்து நிற்கிறது. அதை எழுப்பும் கருவி, அதிர்வெண் செவிக்கு எட்டும் எல்லைக்குள்ளேயே இருப்பதால், கச்சேரி மேடையில் பாட்டை உரக்கச் சொல்லும் ஆம்ப்ளிஃபையரின் ஜாதியைச் சேர்ந்ததாகவே இருக்கலாம்.

இந்தச் சுருள் வமிசத்தின் மூத்தவர்களைக் காண ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டும். இங்கிலாந்தில் ரக்பி வானொலி நிலையம் 1926-ல் 16 கிலோஹெர்ட்ஸில் வேலை தொடங்கியது. அங்கிருந்த ஏரியல் சுருள் ஒன்று இப்போது லண்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்தில் மாடி வீட்டின் உயரத்துக்கு நிற்கிறது. மரச் சட்டங்களின் மேல் தாம்புக்கயிறு போன்ற தடித்த கேபிளை இடைவெளி விட்டு வளைத்திருக்கும் அந்த ரூபத்தில் அலங்காரத்துக்காகச் சேர்த்தது ஒன்றுமில்லை. ஆயினும் அதன் கம்பீரம் கோயில் வாகனங்களைப் பார்த்துப் பழகிய கண்ணையும் நிறுத்திவிடும். ரக்பி நிலையத்தார் தங்கள் சுருளுக்குத் தேர்ந்த கேபிள், ஒவ்வொன்றும் தனித்தனியே எனாமல் பூசிய 6,561 மெல்லிய இழைகளால் ஆனது. எட்டு மூன்றுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் கிடைக்கும் எண் அது. மூன்று மூன்றாய்ச் சேர்த்து முறுக்கி, அவற்றையும் மும்மூன்றாய் முறுக்கி ஏறிச்சென்ற கைகளின் கணக்கு அந்த எண்ணிலேயே எழுதியிருக்கிறது. நம் பக்கத்திலும் திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், கடல்நீருக்குள் சிறிது ஆழம் வரை இறங்கவல்ல இதே ஜாதி அலைகளைக் கொண்டுதான் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி சொல்கிறது.

ராஜாங்க நிலையங்களின் பண வசதி ஹாம் அன்பருக்கு இல்லை. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயின் மேல் 0.4 மில்லிமீட்டர் எனாமல் கம்பியை 80 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒற்றை அடுக்காக நெருக்கிச் சுற்றினால், 1,700-க்கு மேற்பட்ட சுற்றுகள் விழுந்து, வீலர் என்ற பொறியாளர் 1928-ல் கொடுத்த சூத்திரப்படி சுமார் 0.3 ஹென்றி கிடைக்கும். அத்தகைய இரண்டைத் தொடராக இணைத்தால் காரியம் ஒருவாறு முடிந்தது. ஆனால் அவற்றில் ஓடும் கம்பி மூன்று கிலோமீட்டருக்கு மேல். அதன் தடை 450 ஓம். அனுப்பும் சக்தியில் பெரும்பகுதி சுருளைச் சூடாக்குவதிலேயே கழிந்துவிடும். கைவேலைக்காரனின் மேதை வெளிப்படத் தொடங்குவது இங்கேதான்.

கம்பியைப் பல அடுக்குகளாகக் குவித்தால், ஒரு சுற்றின் காந்தப் புலம் மற்றெல்லாச் சுற்றுகளையும் தழுவுவதால், குறைந்த கம்பியில் மிகுந்த மின்தூண்டல் கிடைக்கும். அதற்கு விலையாக இரண்டு விபத்துகள் வந்து சேரும். அடுக்குகளை முன்னும் பின்னுமாகச் சுற்றினால், ஒரு முனையில் முதல் அடுக்கின் தொடக்கமும் இரண்டாம் அடுக்கின் முடிவும் பக்கத்துப் பக்கத்தில் வந்து, அவற்றின் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் நின்று, எனாமலைத் துளைத்துப் பொறி பறக்கும். மேலும், நெருங்கிக் கிடக்கும் கம்பிகள் தமக்குள்ளேயே ஒரு கண்டென்சராகி, சுருளைத் தன் வேலைக்கு வராதபடி செய்துவிடும். இதற்குத் தேர்ந்தவர்கள் கண்ட பரிகாரம், சுருளை மெல்லிய வட்டத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி, நடுவே காற்றுக்கு இடம் விட்டு வரிசையாக அடுக்குவது. 18,000 வோல்ட் இருபது துண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் தாங்க வேண்டியது 900 வோல்ட்தான். இன்னும் சிலர் 1920-களின் ரேடியோப் பெட்டிகளில் இருந்த தேன்கூட்டுச் சுருளின் முறையைப் பின்பற்றி, கம்பிகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடாமல் கோணலாக ஒன்றையொன்று கடக்கும்படி பின்னுகிறார்கள். வெளிச்சம் ஊடுருவும் அந்தப் பின்னலைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது, கம்பி போகும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு காரணம் இருப்பதைக் கண் தானாகவே படித்துக்கொண்டு போகிறது. இவ்வகைச் சுருள்களில் என் மனம் அதிகம் நாடுவது இதையே.

சுற்றுவதற்கான கூட்டைத் தேர்வதிலும் சூக்ஷ்மம் இருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய பிவிசி குழாய் தன்னூடே செல்லும் மின்புலத்தில் ஒரு பகுதியை விழுங்கிச் சூடாகும் சுபாவம் உடையது. சமையலறையில் தண்ணீர் நிரப்பும் பாலிதீன் வாளிக்கோ அந்தச் சுபாவம் மிக மிகக் குறைவு. ஆகவே வாளியின் மேல் சுற்றிய சுருளைக் கண்டு முகம் சுளிப்பவர் விஷயம் அறியாதவர். ஃபெரைட் உள்ளகம் வைத்துச் சுருளைக் கையடக்கமாகச் செய்வோரும் உண்டு. அது திறமைதான், ஆனால் சூடு ஏற ஏற ஃபெரைட்டின் குணம் மாறி ஒத்ததிர்வு நழுவுவதால், காற்றை உள்ளகமாகக் கொண்ட பெரிய சுருளின் நிதானத்தையே நான் மேலாகக் கருதுகிறேன்.

நிதானம் எத்தனை அவசியம் என்பதற்கு ஒரு கணக்கு. ரக்பி கேபிளைப் போல் தனித்தனியே எனாமல் பூசிய இழைகளை முறுக்கிச் செய்த லிட்ஸ் கம்பியால் நன்றாகச் சுற்றிய சுருளின் தடை 120 ஓம் என்றும், ஏரியலின் அடியில் மண்ணும் மரங்களும் சுவர்களும் சேர்ந்து எடுத்துக்கொள்வது 300 ஓம் என்றும் கொண்டால், அந்தச் சுற்று இடம் கொடுக்கும் அதிர்வெண் அகலம் சுமார் 100 ஹெர்ட்ஸ்தான். மழை பெய்து ஏரியலின் மின்தேக்குத்திறன் நூற்றில் ஒரு பங்கு மாறினாலே ஒத்ததிர்வு 45 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். ஆகையால் பெரிய சுருளுக்குள் சிறு சுருள் ஒன்றைத் திரும்பும்படி அமைத்து, அதன் கோணத்தால் மின்தூண்டலைச் சிறிது கூட்டவும் குறைக்கவும் வழி செய்கிறார்கள். வேரியோமீட்டர் எனப்படும் இந்த உறுப்பின் அச்சு மெழுகுபோல் வழுவழுப்பாகச் சுழல்கிறதா என்பதைக் கொண்டே செய்தவரின் பொறுமையை அளந்துவிடலாம்.

இத்தனைக்கும் பின், 100 வாட் செலவில் ஆகாயத்துக்குப் போவது ஒரு வாட்டின் லட்சத்தில் மூன்று அல்லது நான்கு பங்கு. அந்தச் சொற்பத்தைக் கொண்டு, கடிகார சுத்தத்துக்குச் செயற்கைக்கோளை நம்பி, மணிக்கணக்கில் கேட்டதையெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்துக் கூட்டும் பொறுமைசாலிகள், சில எழுத்துகளைக் கடல் தாண்டிப் படித்திருக்கிறார்கள். அட்லாண்டிக் சமுத்திரத்தையும் இவ்வலைகள் அமெச்சூர் கைகளால் கடந்திருக்கின்றன. ஜெர்மனியில் பட்டம் விட்டு அதன் கயிற்றிலேயே ஏரியலை ஏற்றியவரும் உண்டு; உயரம் பத்து மடங்கானால் கதிர்வீச்சுத் தடை நூறு மடங்காகும்.

முன் சொன்ன 450 ஓம் சுருளை எடுத்துவிட்டு 120 ஓம் சுருளை வைத்தால், அதே செலவில் கதிர்வீச்சு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆனால் பெரும் பிரயாசையோடு அந்த 120-ஐ 60 ஆக்கினாலும் கிடைப்பது ஆறில் ஒரு பங்கு லாபமே. மிச்சத்தை மண் வைத்துக்கொள்கிறது. ஸ்வீடனில் கிரிமெட்டனில் 17.2 கிலோஹெர்ட்ஸ் நிலையத்தை அமைத்த அலெக்ஸாண்டர்சன் இதை நன்கு உணர்ந்திருந்தார். 127 மீட்டர் உயரமுள்ள ஆறு கோபுரங்களிலிருந்தும் தனித்தனியே கம்பி இறக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சுருளை நிறுத்தி, மின்னோட்டத்தை ஆறு இடங்களில் பூமிக்குள் பிரித்து விட்டார். மண்ணின் நஷ்டம் அதனாலே குறைந்தது. அவருடைய சுருள்கள் வெட்டவெளியில் நின்று, உலகப் பாரம்பரியச் சின்னமாக 2004-ல் ஏற்கப்பட்ட அந்த நிலையத்தில் இன்றும் வேலை செய்கின்றன. புதிதாகச் சுருள் சுற்ற வருகிறவர் என்னை அபிப்பிராயம் கேட்டால், கம்பி வாங்குமுன் தம் கொல்லை மண்ணின் தடையை அளந்து வரும்படி சொல்வேன். அது 300 ஓம் என்றால் 100 ஓம் சுருளே போதும், மீந்த கம்பியை ஏரியலின் உச்சியில் விரிக்கலாம்.