நாடாவின் மேல் ஒரு தையல்

திருவனந்தபுரத்தின் கழக்கூட்டம் என்றதும் டெக்னோபார்க்கும் அங்கே வேலை பார்க்கும் இளைஞர் கூட்டமும்தான் வெளியூர்க்காரர்களின் நினைவுக்கு வரும். 1990-ல் அந்த வளாகம் வருவதற்கு முன்பே அங்கே வீடு கட்டிக் குடியிருந்தவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. பிள்ளைகள் வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் கேரள மக்களில் 12.6 சதவீதம் பேர் அறுபதைக் கடந்தவர்கள். அன்றைக்கு இந்திய மாநிலங்களில் இதுவே அதிகம். இப்படியொரு ஊரின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அடிக்கடி வரும் காயம் ஒன்று உண்டு. கட்டில் சட்டத்திலோ ஸ்கூட்டர் ஸ்டாண்டிலோ முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொண்ட முதியவர், எலும்பில் ஒன்றுமில்லை, தோல் மட்டும் முக்கோணமாகக் கிழிந்து மடிந்து கிடக்கும். ஊசி போட்டு நூலை இழுத்தால் முடிச்சு விழுவதற்குள் நூலே தோலை அறுத்துக்கொண்டு வந்துவிடும். நனைந்த காகிதத்தைத் தைப்பது போலத்தான்.

மேல்தோலும் உள்தோலும் மேடும் பள்ளமுமாகக் கோத்துக்கொண்டிருப்பதால்தான் தோல் உரசலைத் தாங்குகிறது. வயது ஏற ஏற அந்த மேடுபள்ளம் தட்டையாகிவிடுகிறது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ வருடக்கணக்கில் பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு விழுங்கியவர்களுக்கு உள்தோலே மெலிந்திருக்கும். இதயத்துக்காக ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்துகொண்டால் லேசாக இடித்தாலே ஊதா நிறத் திட்டு கட்டும்.

இத்தகைய தோலுக்காக மருத்துவர்கள் கண்டுபிடித்த உபாயம்தான் நாடா வழித் தையல். காயத்தை உப்புநீரால் கழுவி, ரத்தத்தை நிறுத்தி, சுற்றிலும் ஈரம் போக ஒற்றுகிறார்கள். காயத்தின் இரு விளிம்புகளையும் ஒட்டி, விளிம்புக்கு இணையாக, பக்கத்துக்கு ஒன்றாகத் தோல் நாடா ஒட்டுகிறார்கள். பிறகு ஊசியை நாடாவையும் தோலையும் சேர்த்துக் குத்தி, எதிர்ப்பக்க நாடா வழியே வெளியே எடுத்து முடிச்சிடுகிறார்கள். நூலின் இழுவிசை ஒரு புள்ளியில் இறங்காமல் நாடாவின் நீளம் முழுக்கப் பரவுவதால் தோல் அறுபடுவதில்லை.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். புதுக் கருவி வேண்டாம், தனிப் பயிற்சி வேண்டாம். ஆணுறைக்குப் பெயர்போன எச்.எல்.எல். நிறுவனம் கழக்கூட்டத்துக்குப் பக்கத்திலுள்ள ஆக்குளம் ஆலையில் அறுவைத் தையல் நூலும் தயாரிக்கிறது. நாடாவோ பல மெடிக்கல் ஷாப்களில் கிடைக்கும். நல்ல நாடா இல்லாத இடத்தில் மைக்ரோபோர் பிளாஸ்டரைக் கத்தரித்து ஒட்டிச் சமாளிப்பவர்களும் உண்டு. மீன் நறுக்கும்போது கத்தி நழுவி, ஸ்டீராய்டு சாப்பிடுகிற ஒருவரின் முன்கை கொழுப்பு தெரியும் அளவுக்குப் பிளந்துவிட்டால் நாடா வழித் தையல் கைகொடுக்கும். அங்கே வேறு வழிகள் குறைவு. தோல் பசை இருக்கிறதே என்பார்கள். இழுவிசை உள்ள இடத்தில் சயனோஅக்ரிலேட் பசை மட்டும் தாங்காது.

சிக்கல், காலில் கிழிந்து மடிந்த தோலுக்கும் இதே வித்தையைப் பிரயோகிக்கும்போது தொடங்குகிறது. அங்கே நூல் அறுப்பது இரண்டாம் பட்சம். மடல் போல எழும்பிய அந்தத் தோலுக்கு ரத்தம் ஒரு பக்கத்து இணைப்பு வழியாக மட்டுமே வருகிறது. விளிம்போடு விளிம்பு சேர வேண்டும் என்று இழுத்துத் தைத்தால், கால் வீங்கியதும் அந்த ரத்தமும் நெரிபட்டு மடல் கறுத்துப்போகிறது. நாடா இருப்பதால் இன்னும் தைரியமாக இழுக்க முடிகிறது என்பதுதான் இதில் ஆபத்து. அந்த நாடாவே விளிம்பை மறைத்தும் விடுகிறது. தோல் நிறம் மாறுவதும் அடியில் சீழ் கோப்பதும் கண்ணில் படத் தாமதமாகும். 1985-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஒப்பீட்டு ஆய்வு வந்தது. முழங்கால் கீழ்க் காயங்களில் தைத்தவற்றைவிட நாடா மட்டும் ஒட்டியவை சீக்கிரம் ஆறின என்றது அது.

தோல் கிழிவுக்கென்றே அமைந்த ஐஸ்டாப் என்ற சர்வதேச வல்லுநர் குழு அடுத்த கட்டத்துக்குப் போனது. மடல் முழுதாக இருப்பது, பாதி போனது, முழுக்கப் போனது என்று அவர்கள் காயத்தை மூன்றாகப் பிரித்தார்கள். தோலில் ஒட்டிக்கொள்ளும் நாடாவே வேண்டாம், மடலை ஈரப் பஞ்சால் மெல்லத் தள்ளிப் பழைய இடத்தில் படுக்கவைத்து, மேலே சிலிகான் வலைத்துணி போடுங்கள் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். கட்டின் மேல் பேனாவால் ஓர் அம்புக்குறியும் போடுவார்கள். கட்டைப் பிரிப்பவர் அந்தத் திசையில் உரித்தால் மடல் கூடவே எழும்பி வராது.

அந்த அம்புக்குறி யாருக்காக? பிரிப்பவருக்காக. தைப்பவர்கள் மறந்துவிடும் ஆள் அவர். 2008-ல் கேரளம் வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சைக்கென ஒரு கொள்கையை அறிவித்த பிறகு, உள்ளாட்சிகளின் செவிலியர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். 2003-ல் தொடங்கிய பாலியம் இந்தியா என்ற ஆதரவுச் சிகிச்சை அமைப்பும் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவரின் காலில் இரண்டு வாரம் ஊறிப்போன நாடாவை உரிக்கும் வேலை இப்படிப்பட்ட ஒரு செவிலியரின் தலையில்தான் விழும். தையலை வெட்டுவது சுலபம். நாடாவோ ஆறிய மேல்தோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். ஒட்டாமல் போய்விடுமோ என்று டிங்சர் பென்சாயின் தடவியிருந்தால் கேட்கவே வேண்டாம். மூடிய அன்றைக்கு எடுத்த புகைப்படத்தை வைத்து இந்த முறைக்கு மதிப்பெண் போடுவதை நான் ஏற்க மாட்டேன். பிரிக்கும் நாளில்தான் போட வேண்டும். அப்படிப் போட்டால் கையில் கத்தி பட்ட காயத்தில் தேறும், கால் கிழிவில் பெரும்பாலும் தோற்கும்.

சிலிகான் துணியின் விலை பேசாமல் விட்டால் இந்த விமர்சனம் நேர்மையாகாது. வெறும் காஸ் துணியோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு. ஆனால் காஸ் காயத்தோடு காய்ந்து ஒட்டி, ஒவ்வொரு முறை மாற்றும்போதும் புதுத் தோலைப் பிய்க்கும். சிலிகானைப் பல நாள் அப்படியே விடலாம். கட்டு மாற்றும் தடவை குறைவதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மடல் முழுக்கப் போய்விட்ட காயத்தில் மூடுவதற்கே எதுவும் இல்லை. அங்கே, திருவனந்தபுரம் பூஜப்புரையிலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் கழகத்தின் உயிர்மருத்துவப் பிரிவு உருவாக்கிய கோலிடெர்ம் கவனத்துக்குரியது. பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கி எடுத்த திசுப்படலம் அது. 2023-ல் ஒப்புதல் கிடைத்தது. இறக்குமதிப் பொருள்களைவிட மலிவாக இருக்கும் என்கிறார்கள். நல்லதே. எந்த விலங்கிலிருந்து வந்தது என்பதை நோயாளியிடம் முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குவதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

வீட்டில் முதியவருக்குத் தோல் கிழிந்தால், “தையல் போடாமல் அனுப்பிவிட்டார்களே” என்று சண்டைக்குப் போகாதீர்கள். தொங்கும் தோலை வெட்டி எறியாதீர்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலோடு, ஸ்டீராய்டு உண்டா என்பதை மருத்துவரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள். ஒட்டிய பிளாஸ்டரை எடுக்க நேர்ந்தால், காயத்துக்குள் போகாமல் அதன் ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேல்நோக்கி இழுக்காமல் தோலோடு தாழ்த்தி மெல்லச் சுருட்டி எடுங்கள்.