ஜோலீன்: கெஞ்சலா, மிரட்டலா?

டாலி பார்ட்டன் எழுதிப் பாடிய 'ஜோலீன்' 1973 அக்டோபரில் வெளிவந்தது. 1974 பிப்ரவரியில் அமெரிக்க கன்ட்ரி பாடல்களின் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. ஐம்பது வருஷமாக யார் யாரோ அதைத் திரும்பப் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். ஏன் அந்தப் பாட்டு இன்னும் தீரவில்லை?

கதை ரொம்பச் சின்னது. ஒரு பெண் தன்னைவிட அழகான இன்னொரு பெண்ணிடம் போய், என் ஆளை எடுத்துக்கொள்ளாதே என்று கெஞ்சுகிறாள். கல்யாணமான புதிதில் வங்கி ஊழியர் ஒருவர் தன் கணவரிடம் கொஞ்சம் அதிகமாகவே பிரியம் காட்டினார், அதுதான் பாட்டின் விதை என்று டாலியே சொல்லியிருக்கிறார். பெயரை மட்டும் ஆட்டோகிராஃப் கேட்டு வந்த ஒரு சிறுமியிடமிருந்து எடுத்துக்கொண்டாராம்.

பாட்டில் அந்த ஆளுக்கு வசனமே இல்லை. தூக்கத்தில் ஜோலீன் பெயரை உளறுவதோடு சரி. ஜோலீனும் வாய் திறப்பதில்லை. அவள் உண்மையிலேயே வலை வீசினாளா என்பதுகூட நமக்குத் தெரியாது. பாடுகிறவளோ எதிராளியைத் திட்டுவதற்குப் பதிலாக அவள் கூந்தலையும் நிறத்தையும் கண்ணையும் புகழ்கிறாள். குடுமி ஜோலீன் கையில்!

இது அன்றைக்கு வழக்கமான விஷயம் இல்லை. 1968இல் லொரெட்டா லின் பாடிய 'ஃபிஸ்ட் சிட்டி'யை எடுத்துக்கோங்க. அதிலும் இதே மூன்று பேர்தான். ஆனால் என் புருஷன் பக்கம் வந்தால் அடி விழும் என்பதுதான் தொனி. அதுவும் முதலிடம் பிடித்த பாட்டு.

இப்போ பியான்சேவுக்கு வருவோம். 2024இல் 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பத்தில் அவர் வரிகளை மாற்றினார். கெஞ்சல் போய் எச்சரிக்கை வந்துவிட்டது. நாங்கள் பல வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், குழந்தைகள் இருக்கிறார்கள், நீ தள்ளி நில் என்கிறாள் இந்தப் பெண். காலத்துக்கேற்ற மாற்றம், காலில் விழாத பெண் என்று இதைப் பாராட்டத் தோன்றும். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மிரட்டல்தான் கன்ட்ரியின் பழைய பழக்கம், கெஞ்சல்தான் டாலி கொண்டுவந்த புதுசு. பியான்சே பாட்டை முன்னால் நகர்த்தவில்லை, லொரெட்டா லின் வீட்டு வாசலுக்குத் திருப்பிக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே ஜெயிக்கப்போவது யார் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. அப்புறம் பயம் எங்கே?

தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழு செய்தது வேறு. 2004இல் வந்த அவர்களுடைய நேரடி மேடைப் பதிவில் ஜாக் ஒயிட் வரிகளை மாற்றவில்லை. ஒரு ஆண், ஒரு பெண்ணிடம், தன் ஆணை விட்டுவிடச் சொல்கிறான். டாலியின் விறுவிறு கிட்டார் இல்லை, மெதுவாக ஆரம்பித்து அலறலில் போய் முடிகிறது. ஆனாலும் பாட்டு உடையவில்லை. கெஞ்சுகிறவர் யாராக இருந்தாலும் பயம் அதேதான்.

டாலியின் 45 சுற்று இசைத்தட்டை 33இல் ஓடவிட்ட பதிவு ஒன்றும் இணையத்தில் பிரபலம். குரல் இறங்கி, ஏதோ ஒரு ஆண் நிதானமாகப் புலம்புவது மாதிரி இருக்கும். அதுவும் தாங்குகிறது!

மிசிசிப்பியிலிருந்து வந்த சேப்பல் ஹார்ட் குழு 2021இல் பதில் பாட்டே எழுதிவிட்டது: ஜோலீன், நீயே வச்சுக்கோ! கலகலப்பான பாட்டு. ஆனால் அவன் போனால் போகட்டும் என்பவளுக்கு இழக்க எதுவும் இல்லை. டாலியின் பெண்ணுக்கு எல்லாமே அவன்தான். அதனால்தான் அவள் அந்தப் பெயரை மட்டும் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறாள். ஜோலீன் இன்னும் பதில் சொல்லவில்லை.