கவுந்தியடிகள் சொன்ன ஆறுதலும் கே.பி.எஸ். பாடிய ஆறுதலும்

துன்பம் வந்த வீட்டில் சினிமா எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. "மனசு கொஞ்சம் மறக்கட்டுமே" என்று பதில் சொல்பவர்களும் உண்டு. இரண்டு பேர் சொல்வதிலும் ஏதோ குறைகிறது என்பது அடியேனின் எண்ணம். பாத்திரக்கடைக்காரனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று வாசக அன்பர்கள் நினைக்கலாம். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, இந்த அகமதாபாத்தில் நாற்பது வருஷமாகக் கடை நடத்துகிறவன் நான். சிலப்பதிகாரத்தைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில் நானாகப் படித்தேன். அந்தக் காப்பியத்தையும் 1964இல் வெளிவந்த 'பூம்புகார்' படத்தையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

'பூம்புகார்' கலைஞர் மு. கருணாநிதியின் திரைக்கதை வசனத்தில், ப. நீலகண்டன் இயக்கிய படம். எஸ்.எஸ். ராஜேந்திரன் கோவலன், விஜயகுமாரி கண்ணகி. சமணத் துறவியான கவுந்தியடிகளாக வந்தவர் கே.பி. சுந்தராம்பாள். தமிழ்ச் சினிமாவில் ஒரு சமணப் பெண்துறவிக்கு இவ்வளவு பெரிய இடம் கிடைத்தது எங்களைப் போன்ற தமிழ்ச் சமணருக்குப் பெருமைதான். வாழ்க்கையை ஓடமாக்கி அவர் பாடும் பாட்டு இன்றும் நம் வீடுகளில் ஒலிக்கிறது. எழுதியவரும் கலைஞரே. நிலையாமையைச் சொல்லி, துன்பம் வருமுன் காத்துக்கொள்பவனே அறிவுள்ளவன் என்று உபதேசிக்கிற பாட்டு அது.

உபதேசம் நல்லதுதான். ஆனால் யாருக்கு? காப்பியத்தில் கவுந்தியடிகளைச் சந்திக்கும்போதே கோவலன் எல்லாம் இழந்து, இருந்த ஊரைவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்தவன். வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு, "கரையை உயர்த்தியிருக்க வேண்டாமா?" என்று கேட்பது அறிவுரை ஆகலாம், ஆறுதல் ஆகுமா?

இதே இடத்தில் இளங்கோவடிகள் செய்வதைப் பாருங்கள். மதுரைக் காண்டத்தில் ஊர்காண் காதை. மதுரைக்குள் நுழையும் முன் கோவலன் தன் நிலையை எண்ணிக் கூசி, கவுந்தியடிகளிடம் வருந்துகிறான். அடிகள் முதலில் வினைப்பயனைத்தான் பேசுகிறார். பெரியோர் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் உலகத்தார் கேட்பதில்லை, தீவினை வந்து வருத்தும்போதுதான் கலங்குகிறார்கள் என்கிறார். இதுவரை இவரும் உபதேசிதான். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. தந்தை சொல்லால் காட்டுக்குப் போய், மனைவியைப் பிரிந்து தவித்த இராமன் கதையைச் சொல்கிறார். சூதாட்டத்தில் நாடிழந்து, காட்டில் நள்ளிரவில் மனைவியை விட்டுப் பிரிந்த நளன் கதையைச் சொல்கிறார். கடைசியாக, நீ அவர்களைப் போலக்கூட இல்லையப்பா, உன் மனைவி உன் கூடவே இருக்கிறாளே என்று அவன் பக்கத்தில் நிற்பவளைக் காட்டுகிறார்.

வினைக் கொள்கையை வாழ்நாளெல்லாம் கற்ற ஒரு சமணத் துறவி, ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில் ஊரறிந்த கதைக்குப் போகிறார். கேட்பவன் ஒரு வணிகன். அவனுக்கும் தெரிந்த கதையாக இருக்கவேண்டும் அல்லவா? அக்காலத்து ஜனங்களுக்கு இராமனும் நளனும் இன்று நமக்குச் சினிமாக் கதை போல. 2020 மார்ச் 25இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. மூன்று நாள் கழித்து, 28ஆம் தேதி, தூர்தர்ஷன் ராமானந்த் சாகரின் பழைய 'ராமாயண'த்தை மறுபடி ஒளிபரப்பத் தொடங்கியது. எங்கள் கடைத்தெருவில் எந்த மதத்து வீடு என்றில்லாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். முடிவு தெரியாமலா பார்த்தார்கள்? இப்படி அடைபட்டு வருந்துவது நாம் மட்டும் இல்லை, நமக்கு முன்பே பெரியவர்கள் பட்டிருக்கிறார்கள் என்ற துணை அதில் கிடைத்தது.

1942இல் ஜப்பான் குண்டு போடும் என்று பயந்து சென்னைப் பட்டணமே காலியான வருஷத்திலும் இப்படித்தான். ஜூபிடர் நிறுவனத்தின் 'கண்ணகி' அந்த வருஷம்தான் வந்தது. கண்ணாம்பா கண்ணகி, பி.யு. சின்னப்பா கோவலன், இளங்கோவன் வசனம். அழவைக்கிற அந்தப் படத்தைத் தமிழ் மக்கள் பெருவெற்றி ஆக்கினார்கள். பயந்த காலத்தில் ஜனங்கள் சிரிப்பை மட்டும் தேடிப் போவதில்லை.

அப்படியென்றால் 'பூம்புகார்' பாட்டு தோற்றதா? இல்லை. எழுத்தில் இருந்த குறையைப் பாடியவரின் வாழ்க்கை நிரப்பிவிட்டது. கிட்டப்பா 1933இல் மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்றுமுதல் வெள்ளை உடைதான். 1964இல் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது தெரியும். கவுந்தியடிகள் நளன் கதையைச் சொன்னார், கே.பி.எஸ். தம் கதையை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கணீர்க் குரலே அதைச் சொல்லிவிட்டது.

இதை எனக்குப் புரியவைத்தவள் என் மனைவி. 2021 மே மாதம், இரண்டாவது அலையில், ஊரில் அவள் தம்பி போய்விட்டான். இங்கிருந்து போய் முகம் பார்க்க வழியில்லை. நான் எனக்குத் தெரிந்த வினை, ஊழ் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் பதில் பேசவில்லை. ஒரு நாள் பேத்தியின் போனில் அந்த ஓடப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னதும் இதேதானே என்றேன். "நீங்க சொன்னா பாடம் நடத்தற மாதிரி இருக்குங்க. அந்தம்மா பாடினா, கூட உட்கார்ந்து அழற மாதிரி இருக்கு" என்றாள். எந்த விமரிசகரும் இதற்கு மேல் எழுதிவிட முடியாது.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. ஆறுதல் நடக்கப் போவதைத் தடுப்பதில்லை. மனைவி கூடவே இருக்கிறாளே என்று கேட்ட கோவலன், பிறகு சிலம்பு விற்கப் போன இடத்தில் கொலையுண்டான். செய்தி கேட்ட கவுந்தியடிகள், என்னோடு வந்ததாலா இவர்கள் வினை இப்படிப் பலித்தது என்று நொந்து, உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டார் என்று நீர்ப்படைக் காதை சொல்கிறது. ஆறுதல் சொன்னவரையும் துயரம் விடவில்லை. அதை மறைக்காமல் எழுதியதால்தான் இளங்கோவை நம்புகிறோம்.

ஆகவே ஒரு படம் நல்லதா என்று பார்க்க நான் கையில் வைத்திருக்கும் தராசு இதுதான்: கஷ்டப்பட்டவன் பக்கத்தில் அது உட்காருகிறதா, அல்லது எதிரே நின்று பாடம் நடத்துகிறதா? சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு நல்லது கெட்டதுக்கு ஓடிவர உறவுக்காரர்கள் பக்கத்தில் இல்லை. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரிகிறதோ இல்லையோ, இந்தக் கதைகள் தெரிந்திருக்கட்டும். என்றோ ஒரு நாள், நாம் போய்ச் சேர முடியாத இடத்தில், அவர்கள் பக்கத்தில் அவை உட்காரும்.