குறுக்கே வரத் தெரிந்த பெட்டி

கன்னியாகுமரியில் அறை வாடகைக்கு விடும் சின்ன விடுதி ஒன்றின் இணையதளம். அறைகளின் படம், வாடகை, கடற்கரை எவ்வளவு தூரம் என்று எல்லா விடுதிகளும் போடுகிற அதே பக்கம்தான். இன்றைய தேதிக்கு அறை பார்த்துவிட்டுச் சுற்றிப் பார்க்கும் இடங்கள் இருக்கும் பகுதிக்கு வந்தால், திரையின் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு பெட்டி எழும்புகிறது. 'கடல் சீற்றமாக இருப்பதால் விவேகானந்தர் பாறைக்கு இன்று காலை படகு ஓடவில்லை. மதியம் விசாரித்துச் சொல்கிறோம்.' ஓரத்தில் 'சரி' என்று ஒரு பொத்தான். தட்டினால் போய்விடும். அன்று முழுக்க மறுபடி வராது. அடுத்த வாரத்துக்கு அறை பார்ப்பவருக்கு அது வருவதே இல்லை.

பாப்-அப்களில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். பாப்-அப் என்றதுமே முகம் சுளிக்கிறவர்கள்தான் அதிகம். பத்து வரி படிப்பதற்குள் திரையை மறைத்துக்கொண்டு மின்னஞ்சல் முகவரி கேட்கும் பெட்டி யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றும் எரிச்சல் தராத பெட்டியைச் செய்ய நல்ல கைத்தேர்ச்சி வேண்டும். எப்போது வரலாம், எவ்வளவு இடம் எடுக்கலாம், எப்படிப் போக வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். இதில் போவதுதான் கடினம். எப்படிப் போகிறது என்பதை வைத்தே நான் ஒரு பெட்டியை எடைபோடுவேன்.

பாப்-அப் பிறந்த கதை அவ்வளவு அழகானதில்லை. 1990களின் பிற்பாதியில் அமெரிக்காவின் டிரைபாட் தளம், யார் வேண்டுமானாலும் சொந்தப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. ஆபாசப் பக்கம் ஒன்றில் தன் விளம்பரம் வந்திருப்பதைக் கண்டு ஒரு கார் நிறுவனம் கொதித்துப்போனது. பக்கத்தோடு விளம்பரம் ஒட்டாமல் இருக்கட்டும் என்று, அதைத் தனிச் சாளரத்தில் திறக்கும் நிரலை எழுதினார் அங்கே வேலை பார்த்த ஈதன் சக்கர்மன். 2014இல் தி அட்லாண்டிக் இதழில் அதற்காக வருத்தம் தெரிவித்தும் எழுதினார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கோடு, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அந்தச் சாளரங்களைத் தடுக்க ஆரம்பித்திருந்தது. ஒன்றை மூடினால் மூன்று திறந்துகொண்ட பிரவுசிங் சென்டர் காலம் நினைவிருப்பவர்களுக்கு அந்த நிம்மதி புரியும். பிறகு பெட்டி பக்கத்துக்குள்ளேயே குடிவந்தது. கைப்பேசியில் தேடி வருகிறவருக்குப் பக்கத்தை மறைத்துப் பெட்டி காட்டும் தளங்கள் தேடல் வரிசையில் கீழே போகலாம் என்ற விதியைக் கூகுள் 2017 ஜனவரி 10 முதல் நடைமுறைப்படுத்தியது. சட்டம் கேட்கச் சொல்லும் குக்கி அனுமதி, வயது சரிபார்ப்பு, சுலபமாக மூடக்கூடிய சின்னப் பட்டை ஆகியவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. இந்தக் கலையின் இலக்கணத்தைப் பாதிக்குமேல் அந்த விலக்குகளிலேயே படித்துக்கொள்ளலாம்.

எப்போது வருவது என்பதற்கு நாகர்கோவிலில் ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் கடை. புதிதாகச் சேர்ந்த பையனிடம் முதலாளி, "மக்கா, ஆளு கடைக்குள்ள கால் வைக்கதுக்கு முன்ன பொட்டலத்த நீட்டாத. என்ன வேணும்னு அவரு கண்ணு சொல்லும், அப்பப் போ" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கடையின் தளமும் அந்தச் சொல்லைக் கேட்டு நடக்கிறது. திறந்ததும் எதுவும் எழும்பாது. ஒரு கிலோ சிப்ஸைக் கூடையில் போட்டு, முகவரியில் பின்கோடு அடித்த பிறகு ஒரே ஒரு வரி வரும்: 'சென்னைக்கு ஓணத்துக்கு முன் வந்துசேர வியாழன் மதியத்துக்குள் ஆர்டர் போட வேண்டும்.' வாங்குகிறவர் அடுத்து கேட்கவிருந்த கேள்விக்குப் பதில் அது. கூரியர் வண்டி கிளம்பும் நேரத்தை வைத்துச் சொன்ன உண்மையான கெடு. பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி பதினைந்து நிமிடத்திலிருந்து எண்ணத் தொடங்கும் கடிகாரங்களைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு, அந்த ஒரு வரி அவ்வளவு இதமாக இருக்கிறது.

ஐந்து வினாடியில் விடு, பத்து வினாடியில் விடு என்று கணக்குச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வந்தவர் எதைச் செய்து முடித்தார் என்று பார்க்க வேண்டும். கட்டுரையைக் கடைசிவரை படித்தாரா, கூடையில் பொருளைப் போட்டாரா, தேடிக் கிடைக்காமல் நிற்கிறாரா? வினாடியைவிட இவை அவர் மனநிலையைத் தெளிவாகச் சொல்லும். மவுஸ் முனை திரையின் மேல்விளிம்பை நெருங்கியதுமே தாவி எழும்பும் பெட்டியை, பாதி நிரப்பிய படிவம் அழிந்துபோகும் என்று எச்சரிக்க மட்டும் ஒத்துக்கொள்வேன். தள்ளுபடி சொல்லி ஆளை நிறுத்துவதற்கு வேண்டாம்.

இனி போகும் அழகு. மூடும் பெருக்கல் குறியை வெளிர்சாம்பலில் பொடியாக வரைந்து மூலையில் ஒளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். விரல் அதில் படாமல் விளம்பரத்தில் படும், அவர்கள் எண்ணமும் அதுதான். 2023 அக்டோபரில் வந்த இணைய அணுகல் நெறிமுறைகளின் 2.2 பதிப்பு, தொடும் பொத்தான் குறைந்தது 24 பிக்சலாவது இருக்கச் சொல்கிறது. உயர்நிலைத் தரத்துக்கு 44. நான் 44க்குக் கீழே இறங்க மாட்டேன். பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையின் கட்டைவிரலால் தட்டுகிறவருக்கு மேல்மூலை எட்டாது. ஆகவே 'வேண்டாம்' என்பது கீழேயும் இருக்க வேண்டும். பெட்டிக்கு வெளியே தொட்டாலும் மூட வேண்டும். கணினியில் எஸ்கேப் விசைக்கு மூட வேண்டும். ஆண்ட்ராய்டில் பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் பெட்டி மட்டும் போய், படித்துக்கொண்டிருந்த பக்கம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இந்தக் கடைசி நுணுக்கத்தைக் கவனிக்கிற கைகள் குறைவு. அதைச் சரியாகச் செய்த தளத்தைப் பார்க்கும்போது, யாரென்று தெரியாத அந்த நிரலாளர்மேல் எனக்கு மரியாதை வருகிறது.

திரையைக் கேட்டுப் படிக்கிற பார்வையற்றவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பெட்டி திறந்ததும் திரைவாசிப்பான் அதற்குள் போக வேண்டும். மூடியதும் எந்தப் பொத்தானிலிருந்து கிளம்பியதோ அதே பொத்தானுக்குத் திரும்ப வேண்டும். பக்கத்தின் உச்சிக்குத் தூக்கி வீசினால் அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும். ஒருகாலத்தில் இதையெல்லாம் கையால் எழுத வேண்டியிருந்தது. 2022 மார்ச்சோடு முக்கிய உலாவிகள் எல்லாமே ஏற்றுக்கொண்ட 'டயலாக்' என்ற எச்டிஎம்எல் குறி இதில் பெரும்பகுதியைத் தானே பார்த்துக்கொள்கிறது.

தமிழில் பெட்டி செய்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழைப் போட்டால் மெய்யெழுத்தின் புள்ளி மேலே வெட்டுப்படும், 'கு', 'ளூ' போன்றவற்றின் வால் கீழே வெட்டுப்படும். 'பதிவுசெய்துகொள்ளுங்கள்' என்ற சொல் பொத்தானுக்குள் அடங்காமல் பாதியில் உடைந்து இரண்டாம் வரிக்குப் போய் நிற்கும். வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டி, சொல்லைச் சுருக்கி 'பதிவு செய்க' என்று எழுதினால் தீர்ந்தது. பெட்டியில் இருக்கிறதே பத்துப் பன்னிரண்டு சொற்கள். அவற்றைத் தமிழிலேயே யோசித்து எழுதியிருக்கிறார்களா என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

மறுக்கிற வரியை எழுதத்தான் அதிகப் பண்பு வேண்டும். 'வேண்டாம்' என்று இரு தரப்புக்கும் கௌரவமாக முடிகிற இடத்தில், 'எனக்குப் பணத்தை மிச்சம் பிடிக்க ஆசையில்லை' என்று வாடிக்கையாளர் வாயாலேயே சொல்லவைக்கிற பெட்டிகள் வருகின்றன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகள் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. விமானச் சீட்டோடு காப்பீடு எடுக்காதவரை, 'நான் பாதுகாப்பில்லாமல் இருந்துகொள்கிறேன்' என்ற வரியைத் தட்டவைப்பது அதில் தரப்பட்ட உதாரணம். பொய்யான அவசரமும் ஓயாத நச்சரிப்பும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. பிரான்சின் தனியுரிமை ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. குக்கிகளை ஏற்க ஒரு தட்டு போதும், மறுக்கப் பல தட்டு வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஏற்பதற்கும் மறுப்பதற்கும் ஒரே அளவுப் பொத்தான் வைப்பதை அழகுணர்ச்சி என்றே நான் நினைத்து வந்தேன். அது நீதியும்கூட என்று அந்தத் தீர்ப்பு எழுதிவைத்தது.

இதுவரை சொன்னதெல்லாம் சின்னப் பெட்டியைப் பற்றி. முழுத் திரையையும் எடுத்துக்கொள்ளும் உரிமை ஒரு செய்திக்கு உண்டு. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடிக்கும் புயல்காற்று எழுப்பிய அலைகள் சில நாள் பயணித்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. 2024 மே 6 அன்று அப்படி எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை இழுத்துக்கொண்டது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அரசு அறிவிப்புகளைத் தேடிப் படிப்பதில்லை. விடுதியின் பக்கத்தையும், கடற்கரைக்கு வழிகாட்டும் பக்கத்தையும்தான் பார்க்கிறார்கள்.

முட்டம், சொத்தவிளை, லெமூர் பக்கம் விடுதி நடத்துகிறவர்கள் எல்லோரும் அந்த நாள்களில் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. பக்கம் திறந்ததும் முதலில் பெட்டி, கறுப்பில் வெள்ளை எழுத்து. 'இன்று இரவுவரை கள்ளக்கடல் எச்சரிக்கை. கடல் அமைதியாகத் தெரிந்தாலும் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம்.' கீழே 'புரிந்தது' என்று கட்டைவிரலுக்கு எட்டுகிற பெரிய பொத்தான். தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், வருகிறவர்கள் பேசுகிற மொழிகள் அவைதானே. எந்த நேரம்வரை ஆபத்து என்று மையத்தின் அறிவிப்பிலேயே இருக்கும். அந்த நேரத்தை நிரலிலும் எழுதிவிட்டால், எச்சரிக்கை முடிந்த நிமிடத்தில் யாரும் தொடாமலே பெட்டி போய்விடும்.