ஐக்கியமும் தானதர்மமும்

திருச்சபை ஒரு சமூகம் எனப் பிரசங்கிக்கிறோம். அச்சமூகத்தின் இயல்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘கொய்னோனியா’. பொதுவாய்ப் பங்குகொள்ளுதல் என்பது அதன் பொருள். 1871-இல் வெளிவந்த பவர் பதிப்பின் வழிவந்து, நம் ஆராதனைகளில் இன்றும் வாசிக்கப்படும் தமிழ் வேதாகமம் இச்சொல்லை அப்போஸ்தலர் 2:42-இல் ‘அந்நியோந்நியம்’ என்றும், 1 கொரிந்தியர் 10:16-இல் ‘ஐக்கியம்’ என்றும், எபிரெயர் 13:16-இல் ‘தானதர்மம்’ என்றும் பெயர்க்கிறது.

இடத்திற்கேற்பச் சொல் மாறுவது குற்றமன்று. ஒவ்வொன்றும் மூலத்தின் ஒரு கூற்றை உணர்த்தவே செய்கிறது. எனினும் மூன்றும் ஒரே சொல் என்பது வாசகருக்கு மறைந்துபோகிறது. மூன்றாவது பெயர்ப்பே நம்மை அதிகம் உறுத்துகிறது. தானத்தில் கொடுப்பவர் மேலும் பெறுபவர் கீழும் நிற்கின்றனர். கொய்னோனியாவிலோ இருவரும் பங்காளிகள்.

கொரிந்துவில் ஒருவர் பசித்திருக்க மற்றவர் உண்டு வெறித்தபோது, தானம் குறைந்ததென்று பவுல் கடிந்துகொள்ளவில்லை, அவர்கள் கூடி உண்பது கர்த்தருடைய இராப்போஜனமே அன்று என்றார் (1 கொரி. 11:20, 21). ஒரே பாத்திரத்தில் பருகிவிட்டுச் சாதியாலும் செல்வத்தாலும் பிரிந்து வீடு திரும்பும் சபைக்கும் இத்தீர்ப்பு பொருந்தும்.

ஆகவே, இராப்போஜனத்தைக் குறித்துப் போதிக்கும் ஆயர்கள் இம்மூன்று வசனங்களையும் ஒருங்கே வைத்து விளக்குதல் தகும். பந்தியையும் பணப்பையையும் பிரித்துவைக்கும் சபை, சமூகம் என்னும் பெயருக்கு உரியதாகாது.