கையில் ஏந்திய முகம்

பண்டைய கிரேக்க நடிகர்கள் அணிந்த முகமூடிகளில் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. விறைப்பாக்கிய துணி, தக்கை, மரம் என மட்கிப்போகும் பொருள்களில் செய்தவை அவை. சுடுமண், பளிங்குப் பிரதிகளும் சாடி ஓவியங்களுமே எஞ்சின. அவற்றுள் என் மனம் கவர்ந்தது, நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்திலுள்ள புரோனோமோஸ் சாடி. ஏறத்தாழ கி.மு. 400-ஐச் சேர்ந்தது. நாடகக் குழுவினர் பலர் முகமூடியைக் கையில் பிடித்திருக்கிறார்கள். சொந்த முகம் சாந்தமாக இருக்க, கையிலுள்ள முகம்தான் உயிரோடு பார்க்கிறது. அங்கிகளின் பூவேலையைக்கூட ஓவியர் எவ்வளவு பொறுமையாகத் தீட்டியிருக்கிறார்!

ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவில், பட்டப்பகலில், ஆயிரக்கணக்கானோர் முன் நாடகம் நடந்தது. சோக நாடகத்தில் பேசும் நடிகர்கள் பொதுவாக மூவர், மூவரும் ஆண்கள். தலைமுடியோடு சேர்ந்த முகமூடியையும் அங்கியையும் மாற்றினால் அரசன் தூதனாவான், தூதன் அரசியாவான். (உயரமான கட்டைக் காலணி பிற்கால வழக்கம்; அன்று மென்தோல் காலணிதான்.)

யூரிப்பிடிஸின் 'பாக்கே' நாடகத்தில், தெய்வ வெறியிலிருக்கும் அகாவே, மகன் பெந்தியஸின் தலையைச் சிங்கத் தலையென்று நினைத்து ஏந்தி வருகிறாள். அந்தத் தலை, பெந்தியஸ் பாத்திரத்தின் முகமூடியாகவே இருந்திருக்கும் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இரு வேடங்களையும் ஒரே நடிகர் ஏற்றிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. அப்படியானால், சற்றுமுன் தான் அணிந்திருந்த முகத்தையே பிடித்துக்கொண்டு அவர் தாயாக அழுதிருக்கிறார். ஒரு மேடைப் பொருளை இதைவிட ஆழமாகக் கையாண்ட காட்சியை நான் அறியேன்.